ஓடாத வண்டியைச் சோதிப்பவர்கள்

ஓசூரில் வளர்ந்தவர்களுக்கு மாநில எல்லை என்றதும் முதலில் ஞாபகம் வருவது வரிசையில் நிற்கும் லாரிகள்தான். நான் பள்ளியில் படித்த காலத்தில், பெங்களூரிலிருந்து திரும்பும்போதெல்லாம் அத்திப்பள்ளி தாண்டியதும் பஸ் ஊர ஆரம்பிக்கும். ஜூஜுவாடிச் சாவடியில் காக்கிச்சட்டை போட்ட ஒருவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார், காகிதங்களைப் புரட்டுவார், டயரைக் காலால் தட்டுவார். அந்த லாரியை அவர் ஓட்டிப் பார்ப்பதில்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் பார்த்தே போகலாமா கூடாதா என்று முடிவு செய்துவிடுவார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அதன் பிறகுதான் நான் அந்த வேலைக்குப் போனேன். லாரிகளைச் சோதிக்கிற வேலை இல்லை, நிரல்களைச் சோதிக்கிற வேலை.

காலையில் ஓசூரில் பஸ் ஏறி எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்குகிற ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி. இருசக்கர வாகனங்களுக்குள் ஓடும் மென்பொருளை, சி மொழியில், எழுதுகிற ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். அப்பா சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தெட்டு வருஷம் கையில் கேஜோடு நின்றவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தொழிலைத்தான் செய்கிறோம் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. அது புரிந்த கதையையும், நான் செய்யும் வேலையின் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

தபால்காரர் கேள்வி கேட்கமாட்டார்

1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். அடுத்த ஆண்டே யூனிக்ஸ் இயங்குதளத்தின் கருவை அந்த மொழியில் திருப்பி எழுதினார்கள். அன்றைய கணினியின் நினைவகம் இன்றைய ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதாது. அதனால் சி மொழி எந்தச் சுமையையும் தூக்கிக்கொண்டு அலையவில்லை. நீ சொல், நான் செய்கிறேன் என்பதுதான் அதன் குணம்.

அந்தக் குணத்தை இப்படிச் சொல்லலாம். ஒரு தெருவில் பத்து வீடுகள் இருக்கின்றன. பதினொன்றாவது வீட்டுக்கு என்று ஒரு கடிதம் வருகிறது. வேறு பல மொழிகளில் தபால்காரர் 'அப்படி ஒரு வீடே இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார். சி மொழியின் தபால்காரர் பத்தாவது வீட்டுக்கு அடுத்து எது இருக்கிறதோ, கிணறோ மாட்டுத் தொழுவமோ, அதில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். சி மொழியில் ஒரு வரிசைக்குத் தன் நீளம் தெரியாது. எழுதுகிறவர்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

எழுதுகிறவர்கள் மறந்தார்கள். 1978இல் பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 'லிண்ட்' என்று ஒரு கருவி செய்தார். லிண்ட் என்றால் துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துணுக்கு. யூனிக்ஸை ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். ஒன்றில் ஒழுங்காக ஓடிய நிரல் இன்னொன்றில் விழுந்தது. ஜான்சனின் கருவி நிரலை ஓட்டாது. எழுத்தை மட்டும் படித்து, இந்த மாறி எங்கும் பயன்படவில்லை, இந்த இடத்துக்குக் கட்டுப்பாடு வரவே முடியாது, இங்கே எண்ணின் வகை பொருந்தவில்லை என்று பட்டியல் போடும். இன்று ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்று நாங்கள் சொல்லும் குடும்பத்தின் பாட்டி அதுதான்.

அந்த லிண்டில் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. கம்பைலர் வேகமாக வேலை செய்ய வேண்டும், கறார் பார்ப்பது தனிக் கருவியின் பொறுப்பு என்று பிரித்தார்கள். அன்றைய கணினியின் வேகத்துக்கு அது நியாயம். ஆனால் பிரித்த நொடியிலிருந்து சோதனை என்பது விருப்பப்பட்டால் செய்கிற வேலையாக ஆகிவிட்டது. நேரம் இருந்தால் லிண்ட் ஓட்டு, இல்லையென்றால் விடு.

512 எழுத்துகளுக்கான இடம்

விட்டதன் விலை 1988 நவம்பர் 2ஆம் தேதி தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் இணையத்தில் ஒரு புழு நிரலை அவிழ்த்துவிட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சின்னச் சேவை. யாராவது ஒரு பெயரை அனுப்பினால் அந்த ஆள் யார் என்று சொல்லும். பெயரை வாங்கி வைக்க 512 எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். வாங்கும் வேலையைச் செய்தது 'கெட்ஸ்' என்ற நூலகச் சார்பு. எவ்வளவு இடம் இருக்கிறது என்று அதனிடம் சொல்ல வழியே கிடையாது. மாரிஸின் புழு 536 எழுத்துகளை அனுப்பியது. மிச்சம் வழிந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அந்தக் கணினி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற முகவரியே மாறிப்போனது.

அன்றைய இணையத்தில் சுமார் 60,000 கணினிகள். அதில் பத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது அப்போதைய உத்தேசம். மாரிஸின் அப்பாவும் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸுக்காக உழைத்தவர் என்பது இந்தக் கதையின் வேடிக்கை. அந்த மாதமே பிட்ஸ்பர்க்கின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' என்ற அவசர உதவி மையம் தொடங்கப்பட்டது. ஆனால் கெட்ஸ் என்ற அந்தச் சார்பு சி மொழியின் தரநிலையிலிருந்து நீக்கப்பட்டது 2011இல்தான். தீ பிடித்த வீட்டின் அடுப்பை அணைக்க இருபத்து மூன்று வருஷம்.

காருக்குள் சி

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளியே வந்தபோது அதற்குள் ஒரு வரி நிரல்கூடக் கிடையாது. கார்புரேட்டர், காந்தச் சக்கரம், ஒரு ஸ்பார்க் பிளக். அதே ஆண்டு அசோக் லேலண்டும் இங்கே ஆலை தொடங்கியது. சில ஆண்டுகளில் டைட்டன் வந்தது. ராகி வயலும் ரோஜாத் தோட்டமுமாக இருந்த ஊர், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். அப்பா மாதிரி ஆயிரம் பேர் தர்மபுரி, அரூர் பக்கத்திலிருந்து வந்து மைக்ரோமீட்டர் பிடிக்கப் பழகினார்கள்.

மேற்கில் அதற்குள் கார்களில் கணினி ஏற ஆரம்பித்திருந்தது. எரிபொருள் எவ்வளவு, பிரேக் எப்போது என்பதைச் சில்லு முடிவு செய்தது. அந்தச் சில்லுகளுக்குச் சி மொழியில் எழுதினார்கள். மேசைக் கணினி முடங்கினால் மறுபடி இயக்கலாம். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது முடியாது. பிரிட்டனின் வாகனத் தொழில்துறை கூடி 'மிஸ்ரா' என்ற அமைப்பை ஏற்படுத்தியது. 1998இல் அது வெளியிட்ட மிஸ்ரா சி நூலில் 127 விதிகள் இருந்தன. சி மொழியை முழுதாகப் பயன்படுத்தாதே, அதில் ஆபத்தில்லாத பகுதியை மட்டும் எடுத்துக்கொள் என்பதுதான் சாராம்சம். தன்னையே கூப்பிடும் சார்பு வேண்டாம், ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்காதே, வகை வேறான எண்களைக் கலக்காதே, 'இஃப்' எழுதினால் அடைப்புக்குறி போடு. 2004இலும், 2012 என்ற பெயர் தாங்கிய மூன்றாம் பதிப்பிலும் விதிகள் திருத்தப்பட்டன.

அடைப்புக்குறி போடு என்பதெல்லாம் ஒரு விதியா என்று நானும் முதல் மாதத்தில் சிரித்தேன். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டதைப் பற்றிப் படித்த பிறகு சிரிக்கவில்லை. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் நிரலில் 'தோற்றால் இங்கே போ' என்ற ஒரு வரி தவறுதலாக இரண்டு முறை வந்துவிட்டது. அடைப்புக்குறி இல்லாததால் இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. அதற்குக் கீழே இருந்த முக்கியமான சோதனை ஓடவே இல்லை. போலி இணையதளமும் அசல் மாதிரி நுழைந்துவிடலாம். மிஸ்ராவின் இரண்டு விதிகள், அடைப்புக்குறி விதியும் 'சென்றடைய முடியாத வரி இருக்கக் கூடாது' என்ற விதியும், அந்த இடத்தைத் தனித்தனியாகச் சுட்டியிருக்கும். ஒரு கருவி அதைக் கண்டுபிடிக்க ஒரு நொடிகூட ஆகாது. யாராவது கருவியை ஓட்டி, அது சொன்னதைப் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொப்பூர் கணவாய்

எல்லாமே இவ்வளவு சுலபம் என்றால் எனக்கு வேலை இருக்காது. ஜூஜுவாடியில் நின்றவர் டயரை எண்ணலாம், எடை போடலாம், பர்மிட்டைப் பார்க்கலாம். இந்த லாரி தொப்பூர் இறக்கத்தில் கவிழுமா என்று கேட்டால் என்ன சொல்வார்? அது பாரத்தையும் ஓட்டுநரின் தூக்கத்தையும் மழையையும் பொறுத்தது. நிரலுக்கும் இதே கதிதான். 1936இல் ஆலன் டூரிங், எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடும் பொதுவான முறை ஒன்று இருக்கவே முடியாது என்று நிறுவினார். 1953இல் ஹென்றி ரைஸ், நிரலின் நடத்தை பற்றிய சுவாரசியமான எந்தக் கேள்விக்கும் அதே நிலைதான் என்று காட்டினார். மிஸ்ராவின் மூன்றாம் பதிப்பு இதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், கருவியால் இதை உறுதியாகத் தீர்மானிக்க முடியும் அல்லது முடியாது என்று குறிப்பு இருக்கும். அடைப்புக்குறி முதல் வகை. வரிசைக்கு வெளியே எழுதாதே என்பது இரண்டாம் வகை.

முடியாததை எப்படி அணுகுவது? பிரான்ஸில் பாட்ரிக் கூசோவும் ராதியா கூசோவும் 1977இல் ஒரு வழி சொன்னார்கள். சின்ன வயதில் கணக்கு வாத்தியார் சொல்லித்தந்த குறுக்கு வழி மாதிரிதான். 347ஐ 28ஆல் பெருக்கினால் 9717 என்று ஒருவன் எழுதியிருந்தால், பெருக்கிப் பார்க்காமலே தப்பு என்று சொல்லலாம். இரட்டைப்படை எண்ணால் பெருக்கினால் விடை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். எண்ணை மறந்துவிட்டு அதன் ஒரு குணத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது. நிரலிலும் அப்படி ஒவ்வொரு மாறிக்கும் மதிப்பு என்ன என்று கேட்காமல், எதிலிருந்து எதற்குள் இருக்கும் என்று மட்டும் கேட்டு, வரி வரியாக அதைக் கடத்திக்கொண்டே போகலாம்.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி நாற்பது நொடிக்குள் சிதறியது. பெரிய எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் திணித்ததுதான் காரணம். ஏரியான் 4இல் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததே இல்லை. அந்த நிரல் சி இல்லை, அடா மொழி. ஆனால் நோய் ஒன்றுதான். அந்த விபத்துக்குப் பின் பிரான்ஸில் இந்த முறையை வைத்து 'பாலிஸ்பேஸ்' என்ற கருவி பிறந்தது. 2003இல் 'ஆஸ்ட்ரே' என்ற கருவி ஏர்பஸ் ஏ340 விமானத்தின் கட்டுப்பாட்டு நிரல், 1,32,000 வரி சி, ஓடும்போது ஏற்படும் எந்தப் பிழைக்கும் இடமில்லாதது என்று நிரூபித்தது. நம் பக்கத்தில் புனேயில் டி.சி.எஸ்.ஸின் ஆய்வு மையத்தில் உட்பொதி நிரல்களுக்கான இதே வகைக் கருவியைச் செய்தார்கள்.

இதெல்லாம் பெருமை. மறுபக்கம் என்னவென்றால், சந்தேகம் வந்தால் கருவி சும்மா இருக்காது, கத்தும். 'தப்பாக இருக்கலாம்' என்று கத்துவதில் பாதி வீண் கத்தலாக இருந்தால் மனிதர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஸ்டான்ஃபோர்டிலிருந்து கிளம்பிய கவரிட்டி குழுவினர் 2010இல் தங்கள் அனுபவத்தை எழுதியபோது இதைத்தான் முதன்மையான பிரச்சினையாகச் சொன்னார்கள். வீண் எச்சரிக்கை முப்பது சதவீதத்தைத் தாண்டினால் ஆட்கள் கருவியை நம்புவதை விட்டுவிடுகிறார்கள். அதற்குள் இருக்கும் நிஜப் பிழையும் குப்பையோடு குப்பையாகப் போய்விடுகிறது.

பதினோராயிரம்

இனி என் கதை.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.-6 மாசு விதி. கார்புரேட்டரின் காலம் ஏறக்குறைய முடிந்தது. பெட்ரோல் இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு எரிபொருள் செலுத்தும் கணினி வந்தது. முந்தைய ஆண்டே 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாகியிருந்தது. கார்களுக்கான செயல்பாட்டுப் பாதுகாப்புத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 26262இன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பகுதியே சேர்த்திருந்தார்கள். நாற்பது வருஷத்தில் கார்கள் கடந்த தூரத்தை நம் ஊர் வண்டிகள் இரண்டு மூன்று வருஷத்தில் கடக்க வேண்டியிருந்தது. ஓசூரில் உலோகம் வளைந்தது, எல்லைக்கு அந்தப் பக்கம் எலக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் நிரல் எழுதினோம்.

அதுவரை எங்கள் குழுவில் கருவி எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் மிஸ்ரா அறிக்கை கேட்டதும் ஒன்றை வாங்கினார்கள். பழைய நிரல் முழுவதையும் உள்ளே போட்டோம். பதினோராயிரம் எச்சரிக்கை.

சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் சொன்னேன்.

"பதினோராயிரமா? அப்ப கேஜ் தப்பா இருக்கணும், இல்லன்னா பீஸ் தப்பா இருக்கணும். எதுன்னு பாத்தியா?"

"அதுக்கெல்லாம் நேரம் இல்லப்பா. டீவியேஷன் போட்டுட்டு இருக்கோம்."

அப்பா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார். டீவியேஷன் என்ற சொல் அவருக்குத் தெரியும். பட்டறையில் அளவு தப்பிய பாகத்தை, பரவாயில்லை என்று ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுப்புவதற்குப் பெயரும் அதுதான். மிஸ்ராவும் அதை அனுமதிக்கிறது. ஒரு விதியை மீற நியாயமான காரணம் இருந்தால், என்ன காரணம், என்ன ஆபத்து, யார் ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதி வைத்து மீறலாம். 2016இல் அதற்கென்றே தனி ஆவணம் போட்டார்கள். காரணம் எழுத வேண்டும் என்பதுதான் அதன் உயிர்.

நான் எழுதியது என்ன தெரியுமா? 'பரிசீலிக்கப்பட்டது, பாதிப்பு இல்லை.' நானூற்றுச் சொச்சம் எச்சரிக்கைகளுக்கு இதே வரியை நகலெடுத்து ஒட்டினேன். முதல் இருபதைப் படித்தேன். பிறகு படிக்கவில்லை. பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை, படிவம் நிரப்புகிறோம் என்றுதான் தோன்றியது.

அந்த நானூறில் ஒன்று இது. வண்டியின் மீட்டருக்கு, சர்வீஸ் கருவியிலிருந்து செய்தி வரும். செய்தியின் முதல் பகுதியில் அதன் மொத்த நீளம் இருக்கும். தலைப்புக்கு மூன்று பைட். மொத்த நீளத்திலிருந்து மூன்றைக் கழித்தால் உள்ளடக்கத்தின் நீளம். அந்த விடையை, எதிர்ம எண்ணையே ஏற்காத எட்டு பிட் மாறியில் வைத்திருந்தார்கள். பெரிய வகையிலிருந்து சிறிய வகைக்கு மதிப்பு மாறுகிறது என்று கருவி ஒரு வரி எச்சரித்திருந்தது. அதே வகை எச்சரிக்கை ஆயிரக்கணக்கில். மொத்த நீளம் இரண்டு என்று ஒரு செய்தி வந்தால் என்ன ஆகும்? இரண்டு கழித்தல் மூன்று, மைனஸ் ஒன்று. அந்த மாறிக்குள் போனதும் அது 255 ஆகிவிடும். 64 பைட் இடத்துக்குள் 255 பைட்டை நகலெடுக்கும். பதினொன்றாவது வீடு.

மூன்றுக்குக் குறைவாக யார் அனுப்பப் போகிறார்கள், அனுப்புவதும் நம் கருவிதானே என்று எழுதியவர் நினைத்திருப்பார். ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு சோதனை வண்டியில் வெளியார் செய்த வேறொரு கருவியை மாட்டினார்கள். அது தொடர்பு விட்டுப்போன சமயத்தில் அரைகுறைச் செய்தி ஒன்றை அனுப்பியது. சூளகிரி தாண்டி இரவு நேரத்தில் மீட்டர் மொத்தமாக அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி அணைந்தது. ஓட்டியவர் பழகிய ஆள். ஓரங்கட்டிவிட்டார். பின்னால் கண்டெய்னர் லாரிகள் வருகிற ரோடு அது.

காரணத்தைத் தேடி மூன்று நாள் ஆனது. வரி கிடைத்ததும் அதற்குப் பக்கத்தில் இருந்த குறிப்பும் கிடைத்தது. பரிசீலிக்கப்பட்டது, பாதிப்பு இல்லை. என் பெயர், தேதி.

எதிராளி என்று ஒருவர்

அன்று என்னைத் தூங்கவிடாதது இன்னொரு எண்ணம். அந்தக் கருவி தெரியாமல் அனுப்பியது. ஒருவர் தெரிந்தே அனுப்பியிருந்தால்?

பத்திரமான நிரல், பாதுகாப்பான நிரல் என்ற இரண்டும் வேறு வேறு என்று வாகன உலகம் புரிந்துகொள்ள நாளானது. முதல் மிஸ்ரா விதிகளுக்கு எதிரி என்பது மறதி, குழப்பம், வெப்பம், தேய்மானம். மாரிஸ் புழுவின் வாரிசான செர்ட் குழுவுக்கு எதிரி என்பது ஒரு மனிதர். யோசிப்பவர், காத்திருப்பவர். ராபர்ட் சீகார்டின் தலைமையில் 2006 முதல் அவர்கள் சி மொழிக்கான விதிகளைப் பொதுவில் வைத்தே எழுதினார்கள். 2008இல் நூலானது, 2014இல் இரண்டாம் பதிப்பில் 98 விதிகள். இடையில் 2013இல், கருவிகளால் சோதிக்கத் தக்க விதிகளை மட்டும் தொகுத்து ஐ.எஸ்.ஓ. 17961 வந்தது. அதில் 'கறை' என்று ஒரு கருத்து முக்கியம். வெளியிலிருந்து வரும் எந்த எண்ணும் கறை பட்டது. எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதித்துக் கழுவிய பிறகுதான் அதை நீளமாகவோ முகவரியாகவோ பயன்படுத்தலாம்.

2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டையும் கிட்டத்தட்ட என் பிழைதான். செய்தி தன் நீளம் இவ்வளவு என்று சொன்னதை ஓப்பன்.எஸ்.எஸ்.எல். நம்பியது. ஒரே கேள்வியில் 64 கிலோபைட் வரை அடுத்தவர் ரகசியம் வெளியே வந்தது. கவரிட்டியால் அன்று அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அந்தக் குழு உட்கார்ந்து யோசித்தது. பைட்டுகளின் வரிசையை மாற்றிப் போடும் ஒரு செயலைச் செய்தால், அந்த எண் வலையிலிருந்து வந்தது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் அது கறை பட்டது. அந்த ஒரு யோசனையைச் சேர்த்ததும் கருவி ஹார்ட்பிளீடைச் சுட்டியது. கேஜும் அனுபவத்தால்தான் செதுக்கப்படுகிறது.

2015இல் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றை வீட்டிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அடுத்த ஆண்டு மிஸ்ரா, பாதுகாப்புக்கென்றே 14 வழிகாட்டுதல்களைச் சேர்த்தது. 2021இல் வாகனங்களின் இணையப் பாதுகாப்புக்கென ஐ.எஸ்.ஓ. 21434 வந்தது. அதே ஆண்டு ஏத்தர் ஓசூரிலும் ஓலா போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் செய்யத் தொடங்கின. எப்போதும் இணையத்தில் இருக்கும் வண்டிகள். ஜூஜுவாடிச் சாவடி போய்விட்டது, ஆனால் எல்லை ஒவ்வொரு வண்டிக்குள்ளும் வந்துவிட்டது.

அப்பாவின் புஷ்

விதிகளே மோட்சம் என்று சொல்ல வரவில்லை. 2013இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டொயோட்டா மீது நடந்த வழக்கில், நிபுணர் மைக்கேல் பார் அந்தக் காரின் நிரலில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிஸ்ரா மீறல்கள் இருந்ததாகச் சாட்சி சொன்னார். நடுவர் குழு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2011இல் நாசா செய்த ஆய்வு, மின்னணுதான் காரணம் என்று நிறுவவில்லை. 80 ஆயிரம் மீறல் என்பது 80 ஆயிரம் பிழை இல்லை. 2008இல் நெதர்லாந்தின் பூகர்டும் மூனனும் ஒரு தொழில்துறை நிரலின் வரலாற்றை எடுத்து ஆராய்ந்தபோது, மிஸ்ரா விதிகளில் சிலவற்றுக்கு மட்டுமே நிஜமான பிழைகளோடு தொடர்பு தெரிந்தது. விதிக்காக நல்ல நிரலைத் திருத்தப் போய்ப் புதிய பிழையைச் சேர்க்கவும் கூடும் என்று எச்சரித்தார்கள். எந்த விதி நம் நிரலுக்குத் தேவை என்று தேர்ந்தெடுப்பதும் வேலையின் ஒரு பகுதிதான்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் எழுந்து போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டு வந்தார். அதில் ஒரு சின்ன பித்தளை வளையம் எப்போதும் தொங்கும். நான் அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன்.

"இது ஒரு புஷ்ஷு. ஒரு மார்ச் முப்பத்தொண்ணு. நோ-கோ பக்கம் உள்ள போயிடுச்சு. போகக் கூடாது. சூப்பர்வைசர் டீவியேஷன் நோட்டோட வந்து நின்னாரு, லாரி வெளிய ஸ்டார்ட்ல இருக்கு. கையெழுத்துப் போட்டேன்."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. திரும்பி வரல. ஒண்ணும் ஆகலன்னா எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் ஆகல. எங்க யாருக்கு என்ன ஆச்சுன்னு நான் எங்கம்மா கண்டேன்? உனக்காவது திரும்பி வந்துச்சு."

2002இல் டிவிஎஸ் மோட்டார் டெமிங் பரிசு வாங்கியபோது ஊரே பேசியது. அப்போது அப்பாவின் கம்பெனி மாதிரி சப்ளையர்களிடமும் அந்தப் பேச்சு வந்து சேர்ந்தது. எட்வர்ட்ஸ் டெமிங் சொன்ன பதினான்கு அம்சங்களில் ஒன்று, கடைசியில் நின்று பொறுக்குவதை நம்பாதே, தரத்தைச் செய்முறையிலேயே வை என்பது. இன்ஸ்பெக்‌ஷன் அறையிலிருந்த கேஜை எடுத்து மெஷினுக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். ஆபரேட்டரே ஒவ்வொரு பீஸையும் பார்ப்பார். "எங்க வேலை கொறஞ்சிடும்னு மொதல்ல கோவமா இருந்துச்சு" என்றார் அப்பா. "அப்புறம் பாத்தா, செவப்புத் தொட்டி காலியாவே இருந்துச்சு."

1978இல் லிண்டைத் தனிக் கருவியாகப் பிரித்தபோது கேஜ் மெஷினை விட்டுத் தள்ளிப் போனது. அதைத் திரும்ப மெஷின் பக்கத்துக்குக் கொண்டு வருவதற்குத்தான் எங்கள் துறைக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மறுநாள் குழுத் தலைவரிடம் போய், அந்தக் குறிப்பு மட்டும் இல்லை, நானூறையும் படிக்காமல்தான் போட்டேன் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தானும் அப்படித்தான் என்றார். பழைய குறிப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கினோம். எல்லா விதிகளையும் வைக்கவில்லை. நினைவகத்தைத் தொடுபவை, எண் வகையை மாற்றுபவை, வெளியிலிருந்து வரும் நீளத்தை நம்புபவை ஆகியவற்றுக்கு முதலிடம். புதிதாக எழுதும் வரியில் இவற்றில் ஒன்று மீறினாலும் நிரல் பொதுக் கிடங்குக்குள் நுழையாது. நான் படிக்காமல் விட்ட நானூறைப் படித்து முடிக்க நான்கு மாதம் ஆனது. ஆறு நிஜமான பிழைகள் கிடைத்தன. மீதி வீண்தான். ஆனால் எந்த ஆறு என்று படிக்காமல் சொல்ல முடியாது.

சி மொழியையே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் 2019இல், தான் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் வருபவை என்று சொன்னது. ரஸ்ட் போன்ற மொழிகளில் அந்த வகைப் பிழைகளில் பெரும்பகுதியைக் கம்பைலரே உள்ளே விடாது. எதிர்காலம் அங்கே இருக்கலாம். ஆனால் இன்று கிருஷ்ணகிரி சாலையில் ஓடுகிற வண்டிகளுக்குள் இருப்பது சிதான். அவை இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஓடும்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், ராயக்கோட்டைப் பக்கம், என் மேசைக்கு வந்தான்.

"அக்கா, இந்த ஒரு வார்னிங்தான் பிளாக் பண்ணுது. டீவியேஷன் போட்டுடலாமா?"

"போடலாம். ஏன் பாதிப்பு இல்லைன்னு உன் வார்த்தையில எழுது. தமிழ்ல எழுதினாலும் சரி."

முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். கால் மணி நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. நாலு வரி எழுதியிருப்பான். சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். எழுதியதை அழித்துவிட்டு நிரலைத் திறந்து வைத்திருந்தான்.

"என்னடா?"

"எழுதிப் பாத்தா காரணம் வரலக்கா. லெங்த் செக் போட்டுடறேன்."